ஒரே ஆட்டத்தோடு முடிந்த அவுட்ஃபீல்டர்கள்: மேஜர் லீக் வாழ்க்கை ஏன் சிலருக்கு இவ்வளவு குறுகிப்போகிறது?

1963 செப்டம்பர் 29. ஹூஸ்டன் கோல்ட் .45ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணிக்கு அந்த சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி நியூயார்க் மெட்ஸ். இரண்டுமே புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அணிகள். யார் ஜெயித்தாலும் எதுவும் மாறப்போவதில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் 18 வயது ஜான் பச்சோரெக்கை வலப்பக்க அவுட்ஃபீல்டில் இறக்கினார்கள். பையன் ஐந்து முறை பேட் பிடித்தான். மூன்று முறை ஹிட் (பந்தை அடித்து ஓடிப் பிழைப்பது), இரண்டு முறை வாக் (பந்துவீச்சுத் தவறால் அடிக்காமலே முன்னேறுவது). நான்கு ரன் எடுத்தான், சக ஆட்டக்காரர்கள் மூவரை ரன் எடுக்க வைத்தான். ஹூஸ்டன் 13-4 என்று ஜெயித்தது. அதன் பிறகு ஜான் பச்சோரெக், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இப்படி மேஜர் லீக்கில் ஒரு நாளோ சில வாரங்களோ தலைகாட்டிவிட்டுக் காணாமல்போகிற ஆட்டக்காலத்தை அமெரிக்காவில் 'ஒரு கப் காபி' என்பார்கள். வந்தார், காபி குடித்தார், போய்விட்டார், அவ்வளவுதான். 1876 முதல் மேஜர் லீக்கில் ஆடியவர்கள் 20,000 பேருக்கும் மேல். நமக்குத் தெரிந்த பெயர்கள் அதில் ஒரு கைப்பிடி. மீதியில் காபிக் கணக்கு ஆட்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் திறமை போதாமல் போனவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் இது இடத்துக்கான சண்டை. குறிப்பாக, அவுட்ஃபீல்டர்களுக்கு அந்த இடம் மிகவும் குறுகலானது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக மைதானத்தை ஒரு சுற்று பார்த்துவிடுவோம். கிரிக்கெட் போல 360 பாகையும் ஆடுகளம் அல்ல. பேட்டருக்கு முன்னால் 90 பாகை விரிந்த ஒரு துண்டுதான் களம். அதன் அடிப்பகுதியில் வைர வடிவில் நான்கு பேஸ்கள் (பேட்டர் ஓடித் தொட வேண்டிய இடங்கள்), அது இன்ஃபீல்ட். அதற்கு அப்பால் வேலி வரை பரந்து கிடக்கும் புல்வெளி அவுட்ஃபீல்ட். பந்து வீசும் அணியில் 9 பேர். பந்து வீசும் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர், இன்ஃபீல்டில் நான்கு பேர், அவுட்ஃபீல்டில் மூன்று பேர். அந்தப் பெரிய புல்வெளி முழுவதையும் மூன்றே பேர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று இடமும் ஒரே வேலை அல்ல. நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டருக்கு அதிக நிலம், எனவே ஓட்டம் வேண்டும். வலப்பக்கம் நிற்பவருக்குத் தோள் பலம் வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து மூன்றாவது பேஸுக்கு எறிவது நீண்ட தூரம். இடப்பக்கம் கொஞ்சம் சுலபம். பந்தைப் பிடிப்பதில் சுமார்தான், ஆனால் பேட்டில் பிளந்துகட்டுவார் என்கிற ஆளை அங்கே ஒளித்துவைப்பது வழக்கம். இதில் எழுதப்படாத ஒரு பேரம் இருக்கிறது. நடுவில் நிற்பவர் சுமாராக அடித்தாலும் மன்னிப்பு உண்டு. ஓரங்களில் நிற்பவர் நிறைய அடித்தே தீர வேண்டும், அதுவும் வேலிக்கு வெளியே.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நடுவில் நிற்கிற அளவுக்கு வேகமில்லை, ஓரத்தில் நிற்கிற அளவுக்கு அடியில் கனமில்லை என்று இடைப்பட்ட ஆட்கள் நிறைய உண்டு. மூன்று இடத்திலும் ஓரளவு சமாளிப்பார்கள், எந்த இடமும் அவர்களுடையது ஆகாது. இவர்களுக்குக் கிடைப்பது 'நான்காவது அவுட்ஃபீல்டர்' வேலை. யாருக்காவது ஓய்வு என்றால் ஆடுவது, கடைசி இன்னிங்ஸில் வேறொருவருக்காகப் பேஸ் ஓடுவது, ஆட்டம் கையை விட்டுப்போன பிறகு களத்தில் போய் நிற்பது. காபி குடித்துவிட்டுப் போகிற அவுட்ஃபீல்டர்களில் பெரும்பங்கு இந்த ரகம்.

இடத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். இன்றைய மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்குத் தயாராக வைத்துக்கொள்ளும் பட்டியலில், அதாவது ரோஸ்டரில், 26 பேர். பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. அணிகள் அந்த 13ஐயும் அநேகமாக நிரப்பிவிடும். மீதி 13 இடம். கேட்சர் இரண்டு பேர், இன்ஃபீல்டில் நான்கு, அவுட்ஃபீல்டில் மூன்று, களத்தில் இறங்காமல் பேட் மட்டும் பிடிக்கும் ஒருவர். பத்து போயிற்று. மிச்சம் மூன்று நாற்காலி. அதில் ஒன்றாவது இன்ஃபீல்டில் எங்கும் நிற்கக்கூடிய ஆளுக்கு வேண்டும். ஆக, ஓர் அணிக்கு ஒரு நான்காவது அவுட்ஃபீல்டர், மிஞ்சிப்போனால் ஐந்தாவது. அமெரிக்காவிலும் டொமினிகன் குடியரசிலும் வெனிசுவேலாவிலும் பேட்டைத் தூக்கிக்கொண்டு கனவு காணும் அத்தனை பேருக்கும் இவ்வளவுதான் இடம்.

அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் ஏற வேண்டிய படிகள் வேறு. ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே மைனர் லீக் அணிகள் உண்டு: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்வார்கள். இது எவ்வளவு கடினம் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த சாட்சி மைக்கேல் ஜோர்டன். 1993 அக்டோபரில் கூடைப்பந்திலிருந்து விலகியவர், அடுத்த ஆண்டு சிகாகோ வைட் சாக்ஸின் டபுள்-ஏ அணியான பர்மிங்ஹாம் பேரன்ஸில் அவுட்ஃபீல்டராக ஆடினார். 127 ஆட்டம், 436 அட்-பேட், 88 ஹிட். பேட்டிங் சராசரி 0.202. ஸ்ட்ரைக் அவுட் (பந்தை மூன்று முறை தவறவிட்டு அவுட் ஆவது) ஆனது 114 முறை. பத்திரிகைகள் கேலி செய்தன. எனக்கென்னவோ அது நியாயமாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தோடு விட்ட ஆட்டத்துக்கு 31 வயதில் திரும்பி வந்து, தொழில்முறை பிட்சர்களை எதிர்கொண்டு 88 ஹிட் அடிப்பது லேசான காரியமா? 30 பேஸ்களைத் திருடவும் (பிட்சர் வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடவும்) செய்தார். ஆனாலும் மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார். 1995இல் கூடைப்பந்துக்கே திரும்பிவிட்டார். உலகத்தின் மிகப்பெரிய விளையாட்டு வீரருக்குக் கிடைக்காத அந்த ஒரு நாள், பச்சோரெக்குக்கு 18 வயதில் கிடைத்திருக்கிறது.

அட்-பேட், சராசரி என்றெல்லாம் சொல்லிவிட்டேன், விளக்கிவிடுகிறேன். ஒரு பேட்டர் பந்தை அடித்து, எதிரணி ஃபீல்டரின் தவறால் அல்லாமல் பேஸை அடைந்தால் ஹிட். பேட்டர் அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே பிட்சர் நான்கு பந்து வீசிவிட்டால் பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம், அது வாக். பந்து உடம்பில் பட்டாலும் அதேபோல முதல் பேஸ். இந்த இரண்டும் அட்-பேட் கணக்கில் வராது. மொத்த ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தால் பேட்டிங் சராசரி. பத்தில் மூன்று முறை ஹிட் அடித்து 0.300 வைத்திருப்பவர் பெரிய ஆள். அண்மை ஆண்டுகளில் மொத்த லீக்கின் சராசரியே 0.250ஐ எட்டவில்லை. 1941இல் பாஸ்டனின் அவுட்ஃபீல்டர் டெட் வில்லியம்ஸ் 0.406 வைத்தார். அதன் பிறகு மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒரு முழு சீசனுக்கு யாரும் 0.400ஐத் தொடவில்லை.

இப்போது பச்சோரெக்கின் கணக்கைப் பாருங்கள். மூன்று அட்-பேட், மூன்று ஹிட். சராசரி 1.000. மூன்று அட்-பேட்டோடு முழுமையான சராசரி வைத்து ஓய்வுபெற்றவர் அவர் ஒருவர்தான். அதைவிட அதிக அட்-பேட்டில் இதைச் சாதித்தவர் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது. மூன்று வாய்ப்பை வைத்து ஒருவர் எப்படிப்பட்ட பேட்டர் என்று சொல்லவே முடியாது. இருபது வாய்ப்பிலும் முடியாது. இருபதில் நான்கு ஹிட் என்றால் 0.200, ஆள் தேறமாட்டார் என்போம். ஆறு ஹிட் என்றால் 0.300, நட்சத்திரம் என்போம். நடுவே இருப்பது இரண்டே இரண்டு பந்து, ஒரு ஃபீல்டரின் கையுறைக்கு அரை அடி தள்ளி விழுந்திருந்தால் மாறிப்போகிற இரண்டு பந்து. அணி நிர்வாகங்களுக்கும் இது தெரியும். அவர்கள் மைனர் லீக்கில் பல ஆண்டு சேர்த்த கணக்கையும் தங்கள் கண்காணிப்பாளர்களின் குறிப்பையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். என்றாலும் மேலே வந்த முதல் இரண்டு வாரத்தில் சொதப்பினால், நாற்காலிக்குக் காத்திருக்கும் அடுத்த ஆளின் பெயர் உடனே பேச்சில் வந்துவிடும்.

சரி, பச்சோரெக்குக்கு என்னதான் ஆயிற்று? முதுகு. அடுத்த ஆண்டு மைனர் லீக்கில் ஆடும்போது வலி முற்றியது, 1964இல் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு பழைய உடம்பு திரும்பவே இல்லை. 1960களின் கடைசி வரை மைனர் லீக்கில் முட்டி மோதிவிட்டு விலகினார், பின்னாளில் கலிஃபோர்னியாவில் உடற்பயிற்சி ஆசிரியர் ஆனார். தம்பி டாம் பச்சோரெக் மேஜர் லீக்கில் 18 சீசன் ஆடினார். இன்னொரு தம்பி ஜிம் 1987இல் மில்வாக்கி அணிக்காக ஆடினார். ஒரே வீட்டில் பதினெட்டு சீசனும் ஒரே ஒரு நாளும்.

காயம் கதவை மூடுவது போலவே, வேறு யாருடைய காயமோ கதவைத் திறந்தும் விடும். நிரந்தர அவுட்ஃபீல்டர் ஒருவருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டால் அவரைக் காயப் பட்டியலில் போட்டுவிட்டு, ட்ரிபிள்-ஏவிலிருந்து ஓர் ஆளை அவசரமாக விமானம் ஏற்றுவார்கள். பத்து நாள் கழித்து நிரந்தர ஆள் திரும்பினால் வந்தவர் கீழே போக வேண்டியதுதான். இப்படி ஏற்றி இறக்குவதற்கு 'ஆப்ஷன்' என்று ஒரு விதி இருக்கிறது. இந்த 26 பேரையும் உள்ளடக்கி ஓர் அணி இன்னொரு பெரிய பட்டியலையும் வைத்திருக்கும், அதில் 40 பேர். அதில் இருக்கும் ஓர் ஆட்டக்காரரைப் பொதுவாக மூன்று சீசன்களில்தான் மேலும் கீழும் அனுப்பலாம். நான்காவது சீசனில் கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் 'வேய்வர்' என்ற முறைப்படி மற்ற 29 அணிகளுக்கும் 'இவர் வேண்டுமா?' என்று காட்ட வேண்டும். யாராவது கேட்டால் கொடுத்துவிட வேண்டும். யாருமே கேட்காவிட்டால்தான் மைனர் லீக்குக்கு அனுப்பலாம். 27, 28 வயதில் ஆப்ஷன் தீர்ந்துபோன ஓர் அவுட்ஃபீல்டரின் நிலை திரிசங்கு சொர்க்கம்தான். ட்ரிபிள்-ஏவுக்கு அவர் தேவைக்கு மேல் நல்ல ஆட்டக்காரர். மேலேயோ, அவரைவிட ஐந்து வயது இளையவருக்கு நாற்காலியைக் கொடுக்க நிர்வாகம் தவிக்கும்.

சில நேரம் கதவைத் திறப்பது வரலாறு. 1945இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு அவுட்ஃபீல்டராக வந்த பீட் கிரேவுக்கு வலது கை இல்லை. சிறுவயது விபத்தில் போய்விட்டது. ஒற்றைக் கையால் பேட் பிடிப்பார். பந்தைக் கையுறையில் பிடித்ததும் கையுறையை வெட்டுப்பட்ட தோளின் அடியில் செருகி, பந்தை உருவி, அதே கையால் எறிவார். எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் நடக்கும். இது அனுதாபத்தில் கிடைத்த இடம் என்று நினைக்காதீர்கள். முந்தைய ஆண்டு மெம்ஃபிஸ் அணிக்கு ஆடி 0.333 சராசரி, 68 பேஸ் திருட்டு என்று சதர்ன் அசோசியேஷன் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் அவர். ஆனால் இரண்டாம் உலகப்போரில் மேஜர் லீக்கின் முன்னணி ஆட்டக்காரர்கள் படைக்குப் போயிருக்காவிட்டால் அவரை மேலே அழைத்திருப்பார்களா என்பது சந்தேகம். 77 ஆட்டங்களில் 234 அட்-பேட், 51 ஹிட், 0.218. ஸ்ட்ரைக் அவுட் ஆனது 11 முறைதான். நேராக வரும் வேகப்பந்தைத் தொட்டுவிடுவார். ஆனால் பேட்டைச் சுழற்றத் தொடங்கிய பின் ஒற்றைக் கையால் அதை நிறுத்தவோ திருத்தவோ முடியாது. பிட்சர்கள் இதைக் கண்டுகொண்டதும் வளையும் பந்துகளாக வீசினார்கள். போர் முடிந்தது, படைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். 1946இல் கிரே மறுபடி மைனர் லீக்கில் இருந்தார்.

பேட்டே பிடிக்காமல் முடிந்துபோன ஆட்டக்காலமும் உண்டு. 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் புரூக்ளினில் 11-1 என்று ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டம். மேலாளர் ஜான் மெக்ரா கடைசிக் கட்டத்தில் வழக்கமான ஆளை உட்காரவைத்துவிட்டு ஆர்ச்சிபால்ட் கிரஹாமை வலப்பக்க அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினார். 'மூன்லைட்' என்பது அவருக்குப் பட்டப்பெயர். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் அடுத்து பேட் பிடிக்க வேண்டியவர் அவர்தான். முன்னால் ஆடியவர் அவுட் ஆக, இன்னிங்ஸ் முடிந்தது. மேஜர் லீக்கில் அவருடைய ஆட்டமும் அதோடு முடிந்தது. அதே ஆண்டு மருத்துவப் பட்டம் வாங்கியவர் அவர். 1908 வரை மைனர் லீக்கில் ஆடிவிட்டு, மினசோட்டாவில் இரும்புச் சுரங்க ஊரான சிஸ்ஹோமுக்குப் போய், பல பத்தாண்டுகள் பள்ளி மருத்துவராக இருந்தார். குழந்தைகளின் ரத்த அழுத்தம் பற்றி அங்கே நடந்த ஆய்வில் அவருக்குப் பங்குண்டு. பின்னால் ஒரு நாவலும் படமும் அவரைப் புகழ்பெற்ற பெயராக ஆக்கின. படம் பார்த்தவர்கள் அவரை நிறைவேறாத ஆசையின் உருவமாக நினைப்பார்கள். சிஸ்ஹோம் மக்களுக்கு அவர் டாக்டர்தான்.

ஆடம் கிரீன்பெர்க் கதை இதற்கு நேர் எதிர். 2005 ஜூலை 9, சிகாகோ கப்ஸ் அணிக்காக ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னொருவருக்குப் பதிலாகப் பேட் பிடிக்க வந்தார். ஃப்ளோரிடா மார்லின்ஸின் இடக்கைப் பிட்சர் வலேரியோ டி லாஸ் சான்டோஸ் வீசிய முதல் பந்து, மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர் வேகத்தில், ஹெல்மெட்டுக்குக் கீழே பின்தலையில் பட்டது. அடுத்து பல மாதங்கள் தலைசுற்றலும் பார்வைக் கோளாறும். மீண்டு வந்து மைனர் லீக்கில் பல ஆண்டு ஆடியும் மேலே அழைப்பு வரவில்லை. உடம்பில் பட்ட பந்து அட்-பேட் ஆகாது என்று முன்பே பார்த்தோம். எனவே மேஜர் லீக்கில் ஒரு பந்தை எதிர்கொண்ட அந்த அவுட்ஃபீல்டரின் பெயருக்கு நேரே அட்-பேட் பூஜ்யம் என்று இருந்தது. அவுட்ஃபீல்டில் ஒரு நிமிடம்கூட நிற்கவும் இல்லை.

ரசிகர்கள் இதை விடவில்லை. ஒரே ஒரு அட்-பேட் கொடுங்கள் என்று 2012இல் இயக்கமே நடத்தினார்கள். மார்லின்ஸ் அணியே அவரை ஒரு நாள் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. அக்டோபர் 2 அன்று மயாமியில் மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்ட, அவர் எதிர்கொண்டது நியூயார்க் மெட்ஸின் ஆர்.ஏ. டிக்கி. நேஷனல் லீக்கின் மிகச்சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அந்த ஆண்டு வாங்கியவர், எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாத நக்கிள்பால் வீசுபவர். மூன்றே பந்து, ஸ்ட்ரைக் அவுட். இது ஒரு விளம்பர வித்தை என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். இருக்கட்டுமே. டிக்கி இரக்கப்பட்டு ஒரு லேசான பந்தைக்கூடப் போடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கணக்கில் இப்போது ஒரு அட்-பேட் இருக்கிறது, சராசரி 0.000.

இந்தக் குறுகிய நாட்களுக்குப் பணத்தில் என்ன மதிப்பு? 2023இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,20,000 டாலர். அதே ஆண்டு மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த தொழிற்சங்க ஒப்பந்தப்படி ட்ரிபிள்-ஏவின் குறைந்தபட்சம் 35,800 டாலர். மேலே சம்பளத்தை நாள் கணக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். பத்து நாள் மேலே தாக்குப்பிடித்தால் கீழே ஓராண்டு முழுக்க வாங்குவதைத் தாண்டிவிடலாம். அதனால்தான் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும் ஐந்தாவது அவுட்ஃபீல்டர்கூட, கீழே போய்த் தினமும் ஆடுவதைவிட மேலே சும்மா இருப்பதையே விரும்புவார்.

ஓய்வூதியத்துக்கும் நாள் கணக்கு உண்டு. 1980இல் வந்த மாற்றப்படி, ரோஸ்டரில் 43 நாள் இருந்தாலே ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஒரே ஒரு நாள் போதும். ஆனால் இந்தச் சலுகை முன்னால் ஆடியவர்களுக்குப் பின்தேதியிட்டுக் கொடுக்கப்படவில்லை. அவர்களுக்கு நான்கு ஆண்டு வேண்டும் என்பதே விதி. மூன்றரை ஆண்டு ஆடியவர்கள்கூட வெறுங்கையோடு நின்றார்கள். பல ஆண்டுகள் சண்டை போட்ட பிறகு, 2011இல் அந்தக் காலத்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர மேஜர் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் ஒப்புக்கொண்டன. நாட்களைப் பொறுத்துத் தொகை மாறும், அப்போது அதிகபட்சம் 10,000 டாலராக இருந்தது. அதற்கும் அதே 43 நாள் வேண்டும்.